'டமாஸ்கஸ்' கத்தி ஆயிரங்களில், காசிமேட்டுக் கத்தி நூறுகளில்: உண்மையில் எது வெட்டும்?

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது நடுவுல வந்து நிக்குமே, அந்த விளம்பரம். இருட்டான பின்னணி, தீப்பொறி, மெதுவாக விழும் தக்காளி. அலகு முழுக்கத் தண்ணீர் அலை மாதிரி வரி. பிடியில் டிராகன் தலை, இல்லாட்டி மண்டை ஓடு. கீழே '67 அடுக்கு டமாஸ்கஸ் ஸ்டீல்', 'ஜப்பான் கைவினைஞர் கையால் அடித்தது' என்று எழுத்து. ஒரு பெரிய விலையை அடித்துவிட்டு அதில் பாதிக்கும் குறைவான விலை. பக்கத்திலேயே 'இன்னும் 3 மட்டுமே' என்று சிவப்பில் ஓடும் கடிகாரம்.

இதே கத்தி ஒரு பக்கத்தில் ஜப்பான் கத்தி, இன்னொரு பக்கத்தில் வைக்கிங் கத்தி, மூணாவது பக்கத்தில் ஏதோ வீடியோ கேமில் வந்த ஹீரோவின் கத்தி. படம் மட்டும் மாறாது.

இப்போ ராயபுரம் பக்கம் வாங்க. ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்க. வஞ்சிரம், பாறை, சுறா என்று விதவிதமான மீன், முன்னால் காத்திருக்கும் கூட்டம். அங்கே இருப்பது பளபளப்பே இல்லாத, கறுத்துப்போன, அகலமான இரும்பு. விலை சில நூறு ரூபாய். காலையிலிருந்து மதியம் வரை எலும்போடு சேர்த்து வெட்டுது. அப்படின்னா அந்த ஆயிரங்கள் எதுக்குப் போகுது?

அந்த அலை வரி என்ன?

முதலில் 'டமாஸ்கஸ்' என்ற பெயர். இன்று இந்தப் பெயரில் விற்பவை மூணு வகை.

ஒன்று, பழைய காலத்து நிஜ டமாஸ்கஸ் வாள். இது மியூசியத்தில்தான் இருக்கும், பார்சலில் வராது. இரண்டாவது, வேறு வேறு ஸ்டீல் தகடுகளை அடுக்கிச் சூடாக்கி, அடித்து ஒட்டவைத்து, அமிலத்தில் நனைத்து வரியை வெளியே கொண்டுவருவது. இது நேர்மையான வேலைதான், நல்லா செய்தால் நல்ல கத்தி. ஆனால் வரி அழகுக்காக; வெட்டுவது நடுவில் இருக்கும் கடினமான ஸ்டீல். மூணாவது, சாதா ஸ்டெயின்லெஸ் தகட்டின் மேல் லேசரால் வரி போடுவது. விளம்பரத்தில் வரும் மலிவுச் சரக்கில் இந்த மூணாவது வகை நிறைய.

கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. கத்தியின் முதுகைப் பாருங்க. நிஜமாகவே அடுக்கி அடித்ததாக இருந்தால் பக்கவாட்டு வரி முதுகிலும் தொடரும். லேசர் வரி பக்கத்தோடு நின்றுவிடும். ஒரு கத்தியின் வரியும் அதே மாடலின் இன்னொரு கத்தியின் வரியும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், அது அச்சுதான். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் மங்கும்.

பெயர் சிரியாவுக்கு, இரும்பு யாருடையது?

தமிழ் படிச்சவங்க இந்த இடத்தில் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். டமாஸ்கஸ் வாள்களுக்கான மூலப்பொருள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, குறிப்பாகத் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன உயர்தர எஃகு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'வூட்ஸ்'. நம்ம 'உருக்கு', கன்னடத்து 'உக்கு' இவற்றிலிருந்து திரிந்த சொல் அது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

செய்முறை எளிமையாகத் தெரியும், ஆனால் எளிதல்ல. இரும்புத் துண்டுகளை ஒரு சின்ன மண் குகையில் போட்டு, கூடவே மரத்துண்டும் இலையும் வைத்து, களிமண்ணால் வாயை அடைத்து, மணிக்கணக்கில் உலையில் வைப்பார்கள். ஆவாரை மரமும் எருக்க இலையும் பயன்பட்டதாக 19-ம் நூற்றாண்டில் தென்னாட்டில் இருந்த ஐரோப்பியர் எழுதி வைத்திருக்கிறார்கள். மரமும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் இறங்கும். பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். கிடைக்கும் எஃகில் கார்பன் சுமார் 1.5%. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் நொய்யல் கரையில் நடந்த அகழாய்வுகளில் இரும்பு, எஃகு உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன.

1795-ல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த எஃகைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வாசித்தார். மின்சாரத்தால் பிரபலமான மைக்கேல் ஃபாரடேவும் 1819-ல் இதை ஆராய்ந்தார். அவரும் ஒரு கொல்லரின் மகன்தான். அலுமினாவும் சிலிக்காவும்தான் காரணம் என்று அவர் நினைத்தது பிறகு தவறு என்று தெரிந்தது. 1990-களில்தான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து, தாதுவில் இருந்த மிகக் குறைந்த அளவு வனேடியம் போன்ற தனிமங்களே அந்த அலை வரிக்குக் காரணம் என்று காட்டினார்கள்.

ஆக அந்தப் பழைய வரி எஃகின் உள்ளிருந்து தானாக எழுந்தது, யாரும் மேலே வரைந்தது இல்லை. நம்ம ஊர் உலையில் பிறந்த ஒரு பெயரை, லேசர் மெஷினில் வரைந்து, நமக்கே பல மடங்கு விலையில் விற்கிறார்கள் என்பதுதான் இதில் கடுப்பாகிற விஷயம்.

கத்தி எதனால வெட்டுது?

வரிக்கும் வெட்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னா, சம்பந்தம் எதுக்கு? நாலு விஷயத்துக்கு: என்ன ஸ்டீல், அதுக்கு எப்படித் துவைச்சல் கொடுத்தார்கள், விளிம்பு எவ்வளவு மெலிசு, பிடி எப்படி.

ஃபேன்டசி கத்திகளில் அதிகம் பயன்படுவது 420, 3சிஆர்13 வகை ஸ்டெயின்லெஸ். இதில் கார்பன் 0.4%-க்கும் கீழே. துரு பிடிக்காது, பளபளக்கும், மெஷினில் சுலபமாக வெட்டி வடிவம் கொடுக்கலாம். ஆனால் கூர் நிற்காது. விளம்பரத்துத் தக்காளியை வெட்டும், பத்து நாள் கழித்து உங்க வீட்டுத் தக்காளியை நசுக்கும்.

துவைச்சல்தான் கொல்லனின் உயிர்நாடி. பழுக்கக் காய்ச்சிய அலகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று அமிழ்த்தினால் எஃகு கடினமாகும். அதோடு விட்டால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் பார்க்க வேண்டும். நல்ல கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார். இந்த வேலை சரியாக நடந்ததா இல்லையா என்பது எந்த ரீலிலும் தெரியாது.

வடிவம் அடுத்த சிக்கல். கேம் கத்திகள் பார்க்க மிரட்டலாக இருக்கணும் என்பதால் முதுகு தடிமன், முதுகிலேயே ரம்பப் பல், நடுவில் ஓட்டை, வளைந்த இரண்டாவது முனை. தடித்த அலகை வெங்காயத்தில் இறக்கிப் பாருங்க, வெட்டாது, பிளக்கும். ரம்பப் பல் உங்க இன்னொரு கையைத்தான் தேடும்.

கடைசியாகப் பிடி. இதுதான் ஆபத்து. அலங்காரக் கத்திகள் பலவற்றில் அலகு பிடிக்குள் முழுசாகப் போகாது. ஒரு மெல்லிய கம்பியை அலகோடு பற்றவைத்து, அதன் மேல் பிளாஸ்டிக் டிராகனை மாட்டியிருப்பார்கள். சுவரில் மாட்டி வைக்க அது போதும். கொஞ்சம் அழுத்தி வெட்டினால் ஒட்டு விட்டு, அலகு தனியாகப் பறக்கும்.

லாரிக்குக் கீழே இருந்து வரும் எஃகு

நம்ம பட்டறைக் கத்திக்கு ஸ்டீல் எங்கிருந்து வருது தெரியுமா? பழைய லாரி, பஸ்ஸின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையிலிருந்து. சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியின் பெயர் பெற்ற அரிவாள்களும் இப்படித்தான். டன் கணக்கில் பாரம் ஏறி இறங்கினாலும் வளைந்து நிமிரணும் என்பதற்காகவே தயாரித்த எஃகு அது. கார்பன் கிட்டத்தட்ட 0.5 முதல் 0.6%. அடி தாங்கும், கூர் ஏறும், சாணை பிடிப்பதும் சுலபம். எண்ணூர், திருவொற்றியூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் திட்டிக்கொண்டே போகிறோம். அவற்றில் இருப்பதும் இதே மாதிரிப் பட்டைதான்.

மீன் வெட்டுபவரின் கத்தியில் ஒவ்வொரு அளவுக்கும் காரணம் உண்டு. கனமும் அகலமும் எதுக்கு? நடு எலும்பைத் தாண்ட எடையே உதவும். பெரிய மீன் என்றால் கத்தியை வைத்து மேலே கட்டையால் ஒரு தட்டு. கீழே புளியமரக் கட்டை, ஏன்னா அது சீக்கிரம் சிராய்ப்பு விடாது, கத்தியின் கூரையும் கெடுக்காது. அரிவாள்மனை இன்னும் புத்திசாலித்தனம்: வழுக்கும் மீனை ஒரு கையில் பிடிச்சு இன்னொரு கையில் கத்தி ஓட்டுறது ரிஸ்க். அலகு அசையாமல் நிற்க, இரண்டு கையாலும் மீனைப் பிடிக்கலாம். வங்காளத்தில் இதையே 'பொட்டி' என்பார்கள்.

நிஜ ஜப்பானியக் கத்தியும் இந்த யோசனையில்தான் செய்யப்படுது. மீன் தலையை வெட்ட 'தேபா' என்று தடித்த, கனமான கத்தி தனியாக வைத்திருக்கிறார்கள். மெல்லிய காய்கறிக் கத்தியால் அவர்களும் எலும்பைத் தொடமாட்டார்கள். நல்ல ஜப்பானிய எஃகில் கார்பன் 1%-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும், உழைப்பும் அதிகம், விலையும் நியாயமாகவே அதிகம். அந்தக் கத்தியோடு நமக்குச் சண்டை இல்லை. அதன் பெயரைத் திருடி விற்பவனோடுதான்.

அப்போ லோக்கல் கத்தி எல்லாமே சூப்பரா?

இல்லை. ரோட்டோரத்தில் வெறும் மெல்லிரும்பில் அடித்து, துவைச்சலே கொடுக்காமல் விற்பதும் உண்டு. ஒரு வாரத்தில் விளிம்பு மடங்கும். பட்டை எஃகு துரு பிடிக்கும், அதுவும் கடற்கரைக் காற்றில் ரொம்பச் சீக்கிரம். கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவ நேரமில்லாதவர்களுக்கு, கடையில் கிடைக்கும் சாதாரண பிராண்டட் ஸ்டெயின்லெஸ் கத்தியே போதும். காசிமேட்டிலும் ஸ்டெயின்லெஸ் வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம்.

வாங்கும்போது செய்ய வேண்டியது: கையில் எடுத்துப் பாருங்க, பிடி ஆடுதா? அலகு பிடியின் கடைசி வரை போகுதா? விரலால் சுண்டினால் தெளிவான சத்தம் வருதா? எந்த வேலைக்கு என்று கடைக்காரரிடம் சொல்லுங்க. கூர் போனால் சாணை, பிடி போனால் புதுக் கட்டை. ஆன்லைன் கத்தியின் பிளாஸ்டிக் டிராகன் உடைந்தால் மாற்ற யாரிடம் போவீங்க?

நோட்டுப் புத்தகம் யாருக்கு?

வடசென்னை என்றாலே சினிமா கையில் ஒரு கத்தியைக் கொடுத்துவிடும். இங்கே தினமும் கத்தி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் சோற்றுக்காக மீனும் கறியும் வெட்டுபவர்கள் என்பது படத்தில் வராது. அந்தப் பிம்பத்தின் சுமை பட்டறை மேலும் விழுகிறது.

2021 செப்டம்பரில், அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு காலத்தில், தமிழகக் காவல்துறை ரவுடிகள் மீது பெரிய நடவடிக்கை எடுத்தது. அதையொட்டி, கத்தி, அரிவாள் செய்யும் பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்காக வாங்குகிறார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும், சிசிடிவி வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. காரணம் புரியாமல் இல்லை. ஆனால் தேங்காய் வெட்டும் கத்திக்கு நோட்டில் பெயர் எழுதும் ஊரில், இரண்டு பக்கமும் கூர் வைத்த ஃபேன்டசி கத்தி 'டெக்கரேஷன் பொருள்' என்ற பெயரில் வீட்டு வாசலுக்கே வருவது விநோதம்.

சட்டம் என்ன சொல்லுது? ஆயுதச் சட்டம் 1959, ஆயுத விதிகள் 2016. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வாளும் குத்துவாளும் அதே பட்டியலில்தான். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகவே வடிவமைத்தவைக்கு விலக்கு. அதனால்தான் 2 அங்குலத்தைத் தாண்டிய மீன் கத்திக்குப் பிரச்சினை இல்லை. பட்டியலில் உள்ளவற்றுக்கு, அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் லைசென்ஸ் வேண்டும். மண்டை ஓடு போட்ட நீளக் கத்தியைக் காட்டி 'சமையலுக்குத்தான் சார்' என்று சொன்னால் நம்புவது கஷ்டம். பிரிட்டனில் இதே மாதிரி 'ஸாம்பி' பாணிக் கத்திகளை, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2024 செப்டம்பர் 24 முதல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்கிவிட்டார்கள்.

ஏற்கெனவே ஆர்டர் போட்டாச்சா?

2020-ன் மின்வணிக விதிகளின்படி, பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதைத் தளத்தில் காட்ட வேண்டும். 'ஜப்பான் கைவினை' என்று விளம்பரத்தில் போட்டு, கீழே சின்ன எழுத்தில் வேறு நாடு இருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்க. 'இன்னும் 3 மட்டுமே' என்று பொய்யாக அவசரம் காட்டுவது, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 வகை ஏமாற்று உத்திகளில் ஒன்று.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க, பில்லையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீங்க. விற்றவர் பதில் சொல்லவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதுவரை அந்தக் கத்தியைச் சமையலறையில் பயன்படுத்த வேண்டாம், சின்னப் பசங்க கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்க.