மாவுப் பொட்டு வைத்த டின் மேளம்!



வகுப்பில் பெஞ்சைத் தட்டித் தாளம் போட்டு, திட்டு வாங்கியது உண்டா? அரியலூர் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது அப்படி ஒரு மாணவன் இருந்தான். நானும் அவனைத் திட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் அவன், பால் பவுடர் டின்னின் வாயில் பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டி மேளம் செய்து கொண்டுவந்தான். "சார், இது 'டப் டப்'புன்னுதான் கேக்குது. மிருதங்கம் மட்டும் எப்படி சார் 'தொம்'முன்னு கேக்குது?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை! பிறகுதான் தேடிப் படித்தேன்.

மிருதங்கத்தின் வலது பக்கத்தில் கறுப்பு வட்டம் பார்த்திருப்பீர்கள். அது சோற்றுடன் ஒருவகைக் கல்பொடி சேர்த்துப் பூசியது. இடது பக்கத்தில் வாசிக்கும் முன் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். ரகசியம் அங்கேதான் இருக்கிறது. நாமும் சோதித்துப் பார்ப்போமா?

தேவையான பொருட்கள்: காலி பால் பவுடர் டின், பெரிய பலூன், ரப்பர் பேண்ட், பிசைந்த ரவை அல்லது கோதுமை மாவு.

செய்முறை:

1. பலூனின் கழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை டின்னின் வாயில் விறைப்பாக இழுத்து மாட்டுங்கள். சுற்றிலும் ரப்பர் பேண்ட் போடுங்கள். விரலால் தட்டி, ஒலியைக் கேளுங்கள்.

2. நெல்லிக்காயில் பாதி அளவு மாவை எடுத்து, தட்டையாக்கி, நடுவில் பொட்டு போல ஒட்டுங்கள். மீண்டும் தட்டுங்கள். ஒலி தணிந்து கேட்கிறதா?

3. அதே மாவை எடுத்து ஓரத்தில் ஒட்டித் தட்டுங்கள். அவ்வளவாக மாற்றம் இருக்காது.

ஏன் அப்படி? பலூன் மேலும் கீழும் அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. நடுப்பகுதிதான் அதிகம் அசையும். அங்கே பாரம் ஏறினால் மெதுவாக அதிரும்; ஒலி தணியும். ஓரம் அசைவதே குறைவு. அதனால் அங்கே பாரம் வைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை.

தாளத்துக்குத் துணையாக ஒரு கிலுகிலுப்பை வேண்டுமா? பெரம்பலூர் வயல்களில் விளையும் மக்காச்சோளம் இருக்கிறதே! சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி போட்டுக் குலுக்குங்கள். முழுதாக நிரப்பினால் மணிகள் ஓட இடமிருக்காது, சத்தமும் வராது.

எச்சரிக்கை: பூச்சிமருந்து டின், பாட்டில்களைத் தொடவே கூடாது. டின்னின் விளிம்பு கூர்மையாக இருந்தால் பெரியவர்களிடம் கொடுங்கள். பலூன் துண்டுகளைக் குட்டித் தம்பி, தங்கைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கறுப்பு வட்டத்தை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? திருச்சி திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமன்! ஒளி பற்றிய ஆய்வுக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றவர். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1920-ல், சக ஆய்வாளருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தாளக் கருவிகளைப் பற்றி எழுதினார். சாதாரண மேளத்தைத் தட்டினால் ஒன்றோடொன்று சேராத பல ஒலிகள் கலந்து வரும். கறுப்பு வட்டமோ, வீணைத் தந்தியில் வருவதுபோல அவற்றை இசைந்து ஒலிக்கச் செய்கிறது என்று காட்டினார். பெரம்பலூரும் அரியலூரும் அன்று திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. ஆக, அவர் நம் மாவட்டத்துக்காரர்!

மறுநாள் வீட்டிலிருந்து ரவை பிசைந்து எடுத்துப் போனேன். அந்த மாணவனே தன் மேளத்தில் ஒட்டித் தட்டினான். ஒலி தணிந்து வந்ததும் வகுப்பே கைதட்டியது. அதன்பிறகு பெஞ்சில் தாளம் போட்ட யாரையும் நான் திட்டியதில்லை.

நீங்களும் செய்து பாருங்கள். தாத்தா தூங்கும் நேரத்தில் மட்டும் வேண்டாம்!