ராணியை வாழ்த்திவிட்டுத் தூக்கு

"தக்கை அமுங்கினா சுண்டி இழுக்க வேண்டியதுதானே மாமா, இதுல என்ன பெரிய வித்தை?" என்றான் அக்கா மகன். டீ அப்போதுதான் வந்திருந்தது.

குளத்தில் கெண்டை பிடித்த கைக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே முள்ளில் இருப்பது மண்புழு. மீன் அதை விழுங்கத்தான் பார்க்கும், முன்னே பின்னே இழுத்தாலும் மாட்டிக்கொள்ளும். டிரவுட் மீனுக்குப் போடும் ஈத்தூண்டிலில் இரையே கிடையாது. சேவல் இறகையும் முயல் ரோமத்தையும் நூலால் முள்ளில் சுற்றி, பூச்சி என்று நம்பவைக்கிறோம். வாய்க்குள் போனதும் மீனுக்குக் குட்டு தெரிந்துவிடும். துப்பிவிடும்.

"அப்போ இன்னும் வேகமா இழுக்கணும்!"

பாதி சரி. நிம்ஃப் எனப்படும் மூழ்குகிற பூச்சிக்கு அதுதான் முறை. மீன் இருந்த இடத்திலிருந்தே அதை உறிஞ்சித் துப்பும். பல சமயம் கைக்கு ஒன்றுமே தெரியாது. ஓட்டத்தோடு போகிற நரம்பு ஒரு கணம் தயங்கினால் போதும், கோலை உயர்த்திவிட வேண்டும். கல்லில் தட்டியிருந்தால் போகட்டும், நஷ்டம் ஒன்றுமில்லை.

மிதக்கும் பூச்சிக்கு இதே அவசரம் ஆகாது. டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். மேலே எழும்பி, வாயைத் திறந்து பூச்சியை எடுத்து, வாயை மூடி, தலையைக் கீழே திருப்பும். வாய் திறந்திருக்கையில் இழுத்தால் பூச்சி வந்த வழியே திரும்பிவிடும். தலை திரும்பியபின் இழுத்தால் முள் வாயோரத்தில் ஏறும். நாம் ஆற்றின் மேல்பக்கம் நின்று, கீழ்ப்பக்கம் இருக்கும் மீனுக்குப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இழுப்பு நேராக வாய்க்கு வெளியேதான் போகும்.

நியூசிலாந்துக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஊர் டிரவுட்டுகள், 1864-இல் பனிக்கட்டியில் வைத்துக் கப்பலில் டாஸ்மேனியா போன இங்கிலாந்து டிரவுட் முட்டைகளின் வாரிசுகள், 1867-இல் நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்து பெருத்துப்போனவை. பெரிய மீன் நிதானமாக எழும்பும். அதனால் மீன் பூச்சியை எடுத்ததும், 'கடவுள் ராணியைக் காப்பாராக' என்று மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டுத்தான் கோலைத் தூக்குவார்களாம். அரச பக்தி அல்ல, கடிகாரம்.

தூக்குவது என்றால் சுண்டுவது இல்லை. நிறைந்த டீ கிளாஸைத் தளும்பாமல் எடுப்பதைவிடச் சற்றே வேகம், அவ்வளவுதான். பூச்சி கட்டும் நுனி நரம்பு 0.15 மில்லிமீட்டர்தான் இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். முள்ளும் சின்னது, தொய்வு எடுத்தாலே ஏறிவிடும்.

மாட்டிய மீன் ஓடினால் ஓட விடுங்கள். கோல் வளைந்தே இருக்கட்டும், அந்த வளைவுதான் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். துள்ளும்போது மட்டும் கோலைத் தாழ்த்த வேண்டும். விறைத்த நரம்பின் மேல் மீன் விழுந்தால் கதை முடிந்தது. நேரே மேலே இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்தால் தலை திரும்பி, அதன் நீச்சல் குலையும். முடிந்தால் நீங்கள் கீழ்ப்பக்கம் இறங்கிவிடுங்கள். மேலே நின்றால் ஆற்றின் பலமும் மீனோடு சேர்ந்துகொள்ளும்.

பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது கடைசி ஓரடியில். வலையை வைத்து மீனைத் துரத்தக் கூடாது. வலையை நீருக்குள் அசையாமல் பிடித்து, அதன் மேல் மீனைத் தலை முன்னதாக வழிநடத்த வேண்டும்.

விட்டுவிடப் போகிறீர்களென்றால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை அதன் வழவழப்புப் படலத்தை உரித்துவிடும். தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டால் அன்றைக்குத் தூண்டிலையே சுருட்டிவிடுவது நல்லது. குளிர்ந்த நீரின் பிராணவாயுவை நம்பியிருக்கும் மீன் இது. நீலகிரியில் 1907-இல் இதற்குக் குஞ்சு பொரிப்பகம் வைத்ததும் அவலாஞ்சியின் குளிரில்தான். களைத்த மீனை, ஓட்டத்தை எதிர்த்துத் தலை இருக்குமாறு தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடிக்க வேண்டும்.

"எவ்ளோ நேரம் மாமா?"

அதுவே உதறிக்கொண்டு போகிறவரைக்கும்.