கண்ணில் விழும் உமி: அன்றே கவனித்தால் பார்வை தப்பும்

நெல் அறுவடைக் காலத்தில் களத்தில் தூசிக்கும் சுணைக்கும் குறைவில்லை. தூற்றும்போது காற்று திரும்பினால் உமியோ பதரோ கண்ணில் விழும். வைக்கோல் நுனியும் கரும்புத் தோகையும் கண்ணைக் கீறிவிடுவது உண்டு. “தூசிதானே” என்று கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்பவர்கள் பலர். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

கசக்கும்போது உமியின் முனை கருவிழியைக் கீறுகிறது. அந்தக் கீறல் வழியே பூஞ்சாணமும் பிற கிருமிகளும் நுழைந்து புண்ணை உண்டாக்குகின்றன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994ஆம் ஆண்டில் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை ஆராய்ந்தனர். மூவரில் இருவருக்கு முன்பே கண்ணில் காயம் பட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்ட புண்களில் ஏறத்தாழப் பாதி பூஞ்சாணத்தால் வந்தவை.

அறிகுறிகள்

கண் உறுத்தும், சிவக்கும், நீர் வடியும், வெளிச்சத்தில் கூசும். சிமிட்டும்போதெல்லாம் உறுத்தினால் தூசி மேல் இமையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கலாம். உமி தோணி போன்றது. குழிந்த பக்கம் கருவிழியில் கவிழ்ந்து ஒட்டிக்கொண்டால் எளிதில் வராது. மருத்துவர் இமையைத் திருப்பிப் பார்ப்பார். சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தால் கீறல் பச்சையாகத் தெரியும்.

செய்ய வேண்டியவை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின், கண்ணைத் திறந்து வைத்துச் சுத்தமான நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். கீழ் இமையில் தூசி தெரிந்தால் சுத்தமான ஈரத்துணியின் நுனியால் ஒற்றி எடுக்கலாம். கருவிழியில் ஒட்டியிருப்பதைத் தொடக்கூடாது. கழுவியும் உறுத்தல் நிற்காவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கடப்பாரை, மண்வெட்டியை அடிக்கும்போது தெறித்த இரும்புத் துணுக்கு கண்ணைத் துளைத்திருந்தால் கழுவவோ அழுத்தவோ கூடாது. கண்ணை அழுத்தாமல் மறைத்து உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

செய்யக்கூடாதவை

நாக்கால் எடுப்பது, தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு விடுவது ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சாணம் மேலும் பரவும்.

ஒரு நாள் தாமதம்

நெல் விளையும் நேபாளத்தின் பக்தப்பூரிலும் இதே தொல்லை உண்டு. அங்கே கருவிழியில் கீறல் பட்டவர்களுக்குக் கிராமத் தொண்டர்கள் கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டனர். 18 மணி நேரத்துக்குள் வந்த எவருக்கும் புண் உண்டாகவில்லை. ஒரு நாள் கழித்து வந்த 38 பேரில் 11 பேருக்குப் புண் வந்துவிட்டது. 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது.

வலி தணிந்த சில நாட்களில் கருவிழியில் வெண்புள்ளி தோன்றினால் அது புண்ணின் அடையாளம். பூஞ்சாணப் புண்ணுக்கு நேட்டமைசின் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும். ஆறினாலும் தழும்பு பார்வையை மறைக்கலாம்.

தூற்றும்போதும் கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிற்கும்போதும் பக்கம் மூடிய கண்ணாடி அணிவது நலம். கண்ணாடியின் விலை சொற்பம். கண்ணுக்கு விலை இல்லை.