வில்லும் குடமும் எல்லைக்கோடும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை என்றால் நம்மில் பலருக்கு ரயில் ஜன்னலில் கடந்து போகிற ஸ்டேஷன் பெயர்கள்தான். ஆனால் 'தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது?' என்று கேட்பவருக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்கள் நல்ல பாடம். வியாபாரத்துக்கு நடுவில் படித்தும் கேட்டும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நம் வில்லுப்பாட்டை அங்கே வில்லடிச்சான் பாட்டு என்பார்கள். தலைமைப் புலவர் ஒருவரே பாடுவார், கதை சொல்வார், வீசுகோலால் நாணைத் தட்டுவார், முகத்தாலும் கையாலும் நடித்தும் காட்டுவார். கருவிகளைக் கவனியுங்கள். போருக்கும் வேட்டைக்கும் உரிய வில், மணி கட்டிக்கொண்டு வாத்தியமாகிறது. தண்ணீர்க் குடம் தாளமாகிறது. அதை அடிக்கும் பத்தி, கமுகம்பாளையில் செய்தது. எல்லாமே வேறு வேலைக்கு உண்டான பொருள்கள்! கானாவில் பிறந்த எல் அனாட்சுயி மதுப்புட்டி மூடிகளைக் கம்பியால் கோத்துப் பெரிய திரைகளாக்கி உலகப் புகழ் பெற்றார். நம் கிராமத்துப் புலவர்களும் இந்த வித்தையை அறிந்தவர்களே.

கதைகளும் எல்லை பார்ப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது கணியாகுளத்தில் மடிந்த வேணாட்டு வீரர் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதை, தமிழும் மலையாளமும் கலந்த நடையில் வழங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன்பின் அதே கதையை இங்கே வில்லுப்பாட்டு என்றும், அங்கே தெக்கன் பாட்டு என்றும் தனித்தனி அலமாரியில் வைத்துவிட்டோம். ஒரு பக்கத்தை மட்டும் படிப்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும்.

விளவங்கோட்டுச் சிதறால் மலையையும் சொல்லியாக வேண்டும். 9ஆம் நூற்றாண்டில் சமணர் வழிபட்ட தலம் அது. 13ஆம் நூற்றாண்டளவில் பகவதி கோயிலானது. தீர்த்தங்கரர் சிற்பங்களோ பாறையில் இன்றும் இருக்கின்றன. சமணனாகிய எனக்கு இதில் வருத்தமில்லை. வழிபாடு நின்றிருந்தால் அந்த இடம் காடாகிப் போயிருக்கும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள், 'நாம எந்த ஊர்க்காரங்க?' என்று கேட்கிறார்கள். 'இரண்டு ஊருக்கும் உரியவன்' என்று சொல்வதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்ல இரண்டு மொழியும் காதில் விழ வேண்டும். அடுத்த பொங்கல் விழாவில் சினிமாப் பாட்டைச் சற்றுக் குறைத்து, எல்லைப்புறக் குழு ஒன்றை அழைத்து ஒரு மணி நேரம் வில்லடிக்கச் சொல்வோமே. பாட ஆள் இல்லையென்றால் வில் வெறும் மரம், குடம் வெறும் மண்.