சம்பளச் சீட்டில் 187 வெள்ளி

கேமரன் மலையில் சம்பளம் வாங்குகிற யாரிடமும் சேமநிதியைப் பற்றிக் கேட்டால், "அதுவா, மாசா மாசம் புடிச்சிக்கிறாங்க" என்பார்கள். ரிங்லெட்டிலும் ஹபுவிலும் பிரிஞ்சாங்கிலும் இதே பேச்சுதான். 'பிடித்தம்' என்ற சொல்லோடு நம் மக்களுக்குப் பழைய கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கப்பலேறி வந்த செலவுக்குப் பிடித்தார்கள். கங்காணி கொடுத்த முன்பணத்துக்குப் பிடித்தார்கள். கடைப் பற்றுக்குப் பிடித்தார்கள். பிடித்தது திரும்பி வந்ததாக எந்தத் தாத்தாவும் கதை சொன்னதில்லை. அதனால்தான் சம்பளச் சீட்டில் சேமநிதியைக் குறிக்கும் இ.பி.எஃப். என்ற இடத்தில் 187 வெள்ளி என்று இருப்பதைப் பார்த்ததும், போன காசு என்று மனம் கணக்கு எழுதிவிடுகிறது.

இது திரும்பி வரும் காசு. வரும்போது துணையோடு வரும்.

2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அது பொருந்தியது. அந்தச் சம்பளத்தில் 11 விழுக்காடு தொழிலாளியின் பங்கு. அதுதான் 187 வெள்ளி. 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்துக்கு முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. அந்த 221 வெள்ளி நம் சம்பளத்தில் குறைவதில்லை. முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது. ஆக, மாதம் 408 வெள்ளி நம் பெயரில் சேர்கிறது. 1951இல் இந்த நிதி தொடங்கியபோது இரு தரப்பும் ஐந்தைந்து விழுக்காடுதான் கட்டினார்கள். ஹபுவில் முதல் தேயிலைத் தோட்டம் எழுந்தது 1929இல். அப்போது கொழுந்து பறித்தவர்களுக்கு இப்படி ஒரு கணக்கே இல்லை.

மாதம் 408 என்றால் ஆண்டுக்கு 4,896 வெள்ளி. இருபது வயதில் வேலைக்குச் சேரும் ஒரு பெண், இதே சம்பளத்தில் ஒரு காசுகூட ஏறாமல் ஐம்பத்தைந்து வயது வரை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். லாப ஈவு ஆண்டுக்கு 5.5 விழுக்காடு என்று கொள்வோம். 2015 முதல் 2024 வரை சேமநிதி கொடுத்த ஈவு 5.20க்கும் 6.90க்கும் இடையில்தான் இருந்தது; 2024இல் 6.30. ஆகவே 5.5 என்பது அடக்கமான கணக்குதான். ஆனாலும் ஈவு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. வழக்கமான சேமிப்புக் கணக்குக்குச் சட்டம் உறுதி தருவது 2.5 விழுக்காடு மட்டுமே.

முதல் ஆண்டு முடிவில் 4,896 வெள்ளி இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் அதற்கு ஈவாகக் கிடைப்பது 269 வெள்ளி. ஒரு வாரச் சாமானுக்குக்கூடப் போதாத தொகை. பத்து ஆண்டில் கட்டியது 48,960, இருப்பது ஏறக்குறைய 63,000. இந்த இடத்தில்தான் பலருக்குச் சலிப்பு வருகிறது. பத்து வருஷம் உழைத்து மிச்சம் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பதினான்காம் ஆண்டில் ஒரு திருப்பம் நடக்கிறது. அதுவரை சேர்ந்த தொகை 89,000 வெள்ளியைத் தாண்டிவிட்டதால், அந்த ஆண்டு ஈவாக வருவது, அவளும் முதலாளியும் சேர்ந்து கட்டுவதைவிட அதிகமாகிவிடுகிறது. மழையில் நனைந்து மலைச்சரிவில் நிற்பது அவள் ஒருத்திதான். சம்பாதிப்பது இரண்டு பேர்.

இருபது ஆண்டில் 170,000 ஆகிறது. முப்பது ஆண்டில் 354,000. முப்பத்தைந்தில் 490,000. கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். கடைசி ஐந்து ஆண்டில் மட்டும் கூடியது ஏறக்குறைய 136,000 வெள்ளி. அதில் இருவர் பங்காகக் கட்டப்பட்டது 24,480தான். மொத்தமாக 35 ஆண்டில் கட்டியது 171,360. மீதி 319,000 வெள்ளியும் வட்டிக்கு வட்டி போட்டு வளர்ந்தது. விலைவாசியும் கூடவே ஏறும், 35 ஆண்டு கழித்து இந்தத் தொகைக்கு இன்றைய மதிப்பு இருக்காது என்பது உண்மை. சம்பளமும் அதே இடத்தில் நிற்காது என்பதும் உண்மை.

அவள் முப்பது வயதில் தொடங்கியிருந்தால்? 25 ஆண்டில் கிடைப்பது 250,000. தள்ளிப்போட்டது பத்தே ஆண்டு, குறைந்துபோனது ஏறக்குறைய பாதித் தொகை. பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் பூந்தோட்டத்திலோ ஹோட்டலிலோ வேலைக்குப் போகிறேன் என்று சொன்னால், "இ.பி.எஃப். உண்டா?" என்று தாய் தகப்பன் கேட்க வேண்டியது இதனால்தான். "கையில ரொக்கமா தர்றாங்க, பிடித்தமே இல்லை" என்று பிள்ளை பெருமையாகச் சொல்லும். அந்த இடத்தில் பிள்ளை இழப்பது 221 வெள்ளியை. அதைவிடப் பெரிதாக, முதல் பத்து ஆண்டுகளை.

தினக்கூலி, எடைக்கூலி என்ற காரணங்கள் சட்டத்தில் செல்லாது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும், அவர் தொழிலாளி என்றால் சேமநிதி கட்டியாக வேண்டும். போனஸ், அலவன்ஸ், ஊக்கத்தொகை ஆகியவையும் கணக்கில் சேரும், ஓவர்டைம் சேராது. ஒரு மாதச் சம்பளத்துக்கான பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி செலுத்த வேண்டும். சீட்டில் பிடித்தம் என்று அச்சாகியிருப்பதால் மட்டும் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சேமநிதியின் ஐ-அக்காவுன் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை.

தொழிலாளியின் பங்கைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு நிதிக்குக் கட்டாமல் விடுவது, 1991ஆம் ஆண்டுச் சேமநிதிச் சட்டப்படி ஆறு ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். கம்பெனி கட்டவில்லை என்றால் அதன் இயக்குநர்களும் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. தாமதமாகக் கட்டினால், தவறிப்போன ஈவையும் முதலாளியே கொடுக்க வேண்டும். புகாரைச் சேமநிதி வாரியத்தின் எந்தக் கிளையிலும், இணையத்திலும் கொடுக்கலாம். பழைய சம்பளச் சீட்டுகள், வேலைக் கடிதம், வருகைப் பதிவு, பேங்கில் சம்பளம் ஏறிய விவரம் ஆகிய எதையும் தூக்கிப் போடாதீர்கள். தொழிற்சங்கம் இருக்கும் தோட்டமானால் சங்கத்திடமும் சொல்லிவையுங்கள்.

"மூணு வருஷந்தானே, போகட்டும்" என்று விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று ஆண்டு கட்டாமல் போனால் விடுபடுவது 14,688 வெள்ளி. அது ஐம்பத்தைந்தாம் வயதில் 86,000 வெள்ளியாக இருந்திருக்கும்.

வட்டிக்கு வட்டி என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது சேமிப்பு இல்லை, ஆலோங் என்கிற உரிமமில்லாத வட்டிக்காரன். மாதம் பத்து விழுக்காட்டில் 1,000 வெள்ளி வாங்கி, வட்டி கட்ட முடியாமல் அதையும் முதலில் சேர்த்துக்கொண்டே போனால், ஓர் ஆண்டில் 3,138 வெள்ளி. சேமநிதியில் 20 ஆண்டுக்கு மேல் எடுக்கிற வளர்ச்சியை ஆலோங் கடன் 12 மாதத்தில் எடுத்துவிடுகிறது. இதற்கும் சட்டம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, ஈட்டுக் கடனுக்கு 12 விழுக்காடுக்கு மேல் வாங்கக் கூடாது. வட்டிக்கு வட்டி போடவே கூடாது. உரிமம் கொடுப்பது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு. கடன் வாங்கும் முன் உரிமத்தைக் கேளுங்கள். பேங்க் கடனில் மூச்சுத் திணறுபவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006இல் ஏற்படுத்திய ஏ.கே.பி.கே. என்ற நிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்லித் தவணைகளைச் சீரமைக்க உதவுகிறது.

இனி, எடுப்பதைப் பற்றி. கொவிட் காலத்தில் அரசாங்கம் சேமநிதியைத் திறந்துவிட்டது. ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, 2022இல் சிறப்பு மீட்பு என நான்கு முறை. நாடு முழுவதும் எடுக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 14,500 கோடி வெள்ளி. சுற்றுப்பயணிகள் வராமல் ஹோட்டலும் கடையும் மூடிக்கிடந்தபோது, அரிசிக்காக எடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பசிக்கு முன்னால் வட்டிக் கணக்கு பேச முடியாது. ஆனால் எடுத்ததன் விலை தெரிந்தாக வேண்டும். முப்பது வயதில் எடுத்த 10,000 வெள்ளி, ஐம்பத்தைந்தில் 38,000 வெள்ளியாக இருந்திருக்க வேண்டிய பணம். அன்று எடுத்தவர்கள் முடிகிறபோது சிறிது சிறிதாகத் திருப்பிப் போடலாம். சுயவிருப்பச் சந்தாவுக்கு வழி திறந்தே இருக்கிறது.

2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கட்டுவதில் 75 விழுக்காடு ஓய்வுக் காலத்துக்கு. 15 விழுக்காடு வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு. 10 விழுக்காடு அக்காவுன் ஃபிளெக்சிபெல் என்ற நெகிழ்வுக் கணக்குக்கு. இந்தக் கடைசிக் கணக்கில் இருப்பதை 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 408 வெள்ளியில் அது மாதம் 40 வெள்ளி 80 சென். மாதம் தவறாமல் எடுத்தால் 35 ஆண்டில் கைக்கு வந்தது 17,136 வெள்ளி. தொடாமல் விட்டிருந்தால் 49,000. ஆஸ்பத்திரிச் செலவென்றால் தயங்காமல் எடுங்கள். ஆலோங்கிடம் போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். புதுக் கைப்பேசிக்கு எடுக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். "நாங்க எடுத்துத் தர்றோம், கமிஷன் கொடுங்க" என்று வரும் ஏஜெண்டுகளிடம் கடவுச்சொல்லையோ, கைப்பேசிக்கு வரும் எண்ணையோ கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் உடனே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

ஐம்பத்தைந்தில் முழுப்பணத்தையும் எடுத்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் இன்னும் அதிகம். கட்டாயமில்லை. நூறு வயது வரை ஈவு உண்டு. ஒரு லட்சம் வெள்ளியை மேலும் ஐந்து ஆண்டு விட்டுவைத்தால் 130,000 ஆகும். தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வேலை முடிந்தால் அந்த வீடு நம்முடையது இல்லை. அப்போது தலைக்கு மேல் கூரை என்பது இந்தக் கணக்கில் இருக்கும் இலக்கம்தான்.

சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடப்படவிருந்த தோட்டங்களை வாங்க, தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாக நூறு வெள்ளிப் பங்குக்குக் கட்டினார்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்கள், காய்கறித் தோட்டம் போட்டிருப்பவர்கள், டாக்சி ஓட்டுபவர்கள் ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். 2025இல் கட்டிய தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சேமநிதி கட்டாயமாகிவிட்டது. இரு தரப்பும் இரண்டிரண்டு விழுக்காடு. இன்று தேயிலைச் சரிவுகளில் நிற்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். பக்கத்து நிரையில் நிற்கும் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக, வாரிசுப் பெயர். பதினெட்டு, இருபது வயதில் வேலைக்குச் சேரும்போது அம்மா பெயரை எழுதிக் கொடுத்திருப்போம். கல்யாணம் ஆனதும் அது தானாக மாறாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, எழுதப்பட்ட பெயர் யாருடையதோ பணம் அவருக்கே. முப்பது ஆண்டு கூட இருந்த மனைவி பெயர் இல்லாமல், ஐந்து பிள்ளையில் ஒருத்தர் பெயர் மட்டும் இருந்தால் வீடு இரண்டாகிறது. பெயரே எழுதாவிட்டால் குடும்பம் சட்டப் பத்திரங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். அம்மா பெயரையும் மனைவி பெயரையும் பிள்ளைகள் பெயரையும் பங்கு போட்டே எழுதலாம். கட்டணம் கிடையாது. சேமநிதிக் கவுண்டருக்குப் போகும்போது அடையாள அட்டை இருந்தால் போதும். ரேகைக்குக் கட்டைவிரல் கூடவே வரும்.