பிரசவம் எங்கே? புள்ளிவிவரங்களை வாசிக்கும் முறை

முப்பத்தைந்தாம் வாரத்தில் இருந்த ஒரு கர்ப்பிணியை எண்ணூரிலிருந்து எங்களிடம் அழைத்து வந்தனர். இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது. சிறுநீரில் புரதமும் வெளியேறிக்கொண்டிருந்தது. பெரிய மருத்துவமனைக்குச் செல்லுமாறு அவருடைய மருத்துவர் பத்து நாள்களுக்கு முன்பே கூறியிருந்தார். தாமதத்துக்குக் காரணம் கேட்டபோது மாமியார் தயங்கியபடி சொன்னார்: "பெரிய ஆஸ்பத்திரியிலதான் சாவு ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்க, டாக்டரம்மா."

தாயும் சேயும் பிழைத்தனர். குழந்தை மட்டும் சில வாரங்கள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்க நேர்ந்தது. அந்த மாமியார் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் செய்த பிழை, ஆய்வாளர்களும் நீண்ட காலம் செய்துவந்த பிழைதான். பிரசவ இடங்களை ஒப்பிடும் எந்த எண்ணையும் நம்புமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதற்கேள்வி: யாரை யாரோடு ஒப்பிட்டார்கள்?

இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களுக்கு இயல்பான கர்ப்பங்களோடு சிக்கலான கர்ப்பங்களும் பல இடங்களிலிருந்து அனுப்பப்படுகின்றன. வலிப்பு, கடும் இரத்தசோகை, இதயநோய், குறைமாதம் ஆகிய அனைத்தும் அங்கே வந்து சேர்கின்றன. ஆபத்தானவர்களை அனுப்பிவிடும் சிறிய மருத்துவமனையின் பதிவேடு தூய்மையாகத் தோன்றும். அவர்களை ஏற்றுக்கொள்ளும் மருத்துவமனையின் பதிவேட்டில் இறப்புகள் மிகுந்திருக்கும். ஆகவே, ஒத்த நிலையில் உள்ள பெண்களை ஒப்பிட்டால் மட்டுமே இடத்தின் தன்மை விளங்கும்.

இரண்டாம் கேள்வி: தொடங்கிய இடத்தை எண்ணினார்களா, முடிந்த இடத்தையா?

வீட்டில் பிரசவிக்கத் திட்டமிட்ட ஒரு பெண், வலி நீடித்து மருத்துவமனைக்கு வருகிறார். குழந்தை அங்கே இறக்கிறது. இது எந்தக் கணக்கில் சேரும்? பழைய பதிவு முறைகளில் மருத்துவமனைக் கணக்கில் சேர்ந்துவிடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், பிரசவத்தை எங்கே திட்டமிட்டிருந்தார்கள் என்பதையும் 2012 முதல் பிறப்புச் சான்றிதழில் பதியத் தொடங்கியது. அதன் அடிப்படையில் 2015-இல் வெளியான ஆய்வு, திட்டமிட்ட இடத்தைக் கொண்டே கணக்கிட்டது. பிறப்பை ஒட்டிய குழந்தை இறப்பு, மருத்துவமனையைத் திட்டமிட்டவர்களிடம் 1000-க்கு 1.8 ஆகவும், வெளியே திட்டமிட்டவர்களிடம் 3.9 ஆகவும் இருந்தது. அதே வேளையில், வெளியே திட்டமிட்டவர்களுக்குச் சிசேரியன் மிகக் குறைவாகவே நடந்தது. இரண்டு உண்மைகளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

மூன்றாம் கேள்வி: அந்த ஊரின் ஏற்பாடு நம் ஊரில் உண்டா?

'இங்கிலாந்தில் வீட்டுப் பிரசவம் பாதுகாப்பானது' என்ற செய்தி கைப்பேசிகளில் அடிக்கடி வலம் வருகிறது. அங்கே ஆபத்துக் குறைவான 64,538 பெண்களை ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏற்கெனவே பிரசவித்தவர்களிடம் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதற்பிரசவத்திலோ குழந்தைக்கு நேர்ந்த கடும் பாதிப்புகள் மருத்துவமனையில் 1000-க்கு 5.3, வீட்டில் 9.3. மேலும், வீட்டைத் தேர்ந்த முதற்பிரசவப் பெண்களில் 100-க்கு 45 பேர் இறுதியில் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். பயிற்சி பெற்ற மகப்பேறு செவிலியர் அருகில் இருந்ததாலும், ஊர்தியும் மருத்துவமனையும் ஒரே அமைப்பின் கீழ் இயங்கியதாலும் அந்த மாற்றம் இயன்றது.

அந்த ஏற்பாடு எதுவுமின்றி, இணையக் காணொளிகளைப் பார்த்து வீட்டில் பிரசவிக்க முயன்ற ஓர் இளம்பெண் 2018-இல் திருப்பூரில் உயிரிழந்தார். குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால், உரிய சிகிச்சை கிட்டாத தாய் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகக்கூடும். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இரவுகளில் அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதை இப்பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இன்று வீடா மருத்துவமனையா என்ற கேள்வி பெரும்பாலும் முடிந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. எந்த மருத்துவமனை என்பதே நம் கேள்வி. அதே ஆய்வில் சிசேரியன் பிரசவங்கள் அரசு நிலையங்களில் 36 விழுக்காடு, தனியார் நிலையங்களில் 63.8 விழுக்காடு. இங்கும் முதற்கேள்வியைக் கேட்போம். தனியாரிடம் செல்வோர் அனைவரும் அதிக ஆபத்துள்ளவர்களா? சிக்கலான கர்ப்பங்கள் பலவும் அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படும் நிலையில், அந்த விளக்கம் மட்டும் போதாது. ஆகவே உங்களுக்கு அறுவைசிகிச்சை பரிந்துரைக்கப்பட்டால், "எனக்கு ஏன் தேவை?" என்று கேட்பது உங்கள் உரிமை. காரணத்தை விளக்குவது எங்கள் கடமை.

எட்டாம் மாதம் முடிவதற்குள் குடும்பமாக அமர்ந்து சிலவற்றைக் கேட்டறியுங்கள். நீங்கள் தேர்ந்த இடத்தில் இரவிலும் மகப்பேறு மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் கிடைப்பார்களா? இரத்தம் உடனே கிடைக்குமா? பச்சிளங்குழந்தைப் பிரிவு உண்டா? இல்லையெனில் எங்கே அனுப்புவார்கள், எவ்வளவு நேரமாகும்? கர்ப்பகாலப் பதிவு அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். அவசரத்தில் 108-ஐ அழையுங்கள்.

பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள் என்று உங்கள் மருத்துவர் கூறினால், அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். உங்கள் நிலையில் வந்தவர்களுள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேளுங்கள். ஆனால் அந்தக் கேள்வியை அங்கே வந்து சேர்ந்தபின் கேளுங்கள். விடைக்காகப் பத்து நாள் காத்திருக்க வேண்டாம்.