கடன் கேட்ட கை, கணக்கு எழுதும் கை

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தர்மபுரிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் விதைக்கடலை வாங்கவேண்டும் என்றாலும், ஏழைப் பெண்கள் போய் நிற்பது வட்டிக்கு விடுபவர் வாசலில்தான். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வட்டி. அடகுக்குப் போன அண்டா வீடு திரும்புவது அபூர்வம். வங்கிக்குப் போனால் பட்டா கேட்பார்கள். பட்டாவோ பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருந்தது.

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நாடெங்கும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியை வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு எடுத்தது. 1997-ல் வந்த தமிழ்நாடு அரசின் மகளிர் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் குழுக்களைக் கொண்டுசென்றது.

குழுக் கூட்டத்தில் பன்னிரண்டிலிருந்து இருபது பேர் வரை பாயில் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கு ஐம்பதோ நூறோ சேமிப்புச் சந்தா. குழுவை நடத்தும் ஊக்குநர் எண்ணி வாங்கி, பாஸ் புத்தகத்தில் பதிந்து, தீர்மான நோட்டை வாசிப்பார். ஒருத்திக்குக் கறவை மாடு, இன்னொருத்திக்கு மகன் படிப்பு. சேமிப்பிலிருந்து யாருக்கு முதலில் உள்கடன் என்பதை அவர்களே பேசி முடிப்பார்கள். அந்தக் கடனுக்கான வட்டியும் குழுவின் கணக்குக்கே திரும்பும். கைநாட்டு வைத்த பலர் கையெழுத்துப் பழகியது இந்த நோட்டில்தான்.

இன்று குழுக்கள் பிணையில்லாமல் 20 லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடன் பெற வழியிருக்கிறது. குழுக்களின் பொருள்கள் 'மதி' என்ற பெயரில் கடைக்கு வருகின்றன.

ஆனால் வாரத் தவணை வசூலிக்கும் தனியார் நிதி நிறுவனங்களின் ஆட்களும் அதே தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு தவணையை அடைக்க இன்னொரு கடன் வாங்கும் பெண்கள் எத்தனையோ பேர். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

கிராமத்தை நிமிர்த்தியது கடன் தொகை அல்ல. சேமிப்பும், கூட்டமும், எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்ட கணக்கும்தான். கூட்டம் நின்று கடன் மட்டும் ஓடுகிற குழு, பழைய வட்டி வாசலுக்கே பெண்களைத் திருப்பி அனுப்பும். எனவே அதிகாரிகளே, வங்கியாளர்களே, எவ்வளவு கடன் கொடுத்தோம் என்று பார்க்கும் முன் கூட்டம் நடக்கிறதா என்று பாருங்கள்.